வைட்டமினின் வால்

அந்தப் படிகத்தை உடைத்தவன் நான்தான். நிலநடுக்கம் வரவில்லை, மின்சாரம் போகவில்லை, யாரும் கையைத் தட்டிவிடவில்லை. ஒரு ஜோக் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்கு நானே முதலில் சிரித்தேன். கை ஆடிவிட்டது.

என்ன ஜோக் என்று கேட்காதீர்கள். எங்கள் ஆய்வு நிறுவனத்தின் பழைய இயக்குநரும் லிஃப்டும் சம்பந்தப்பட்டது. அதே ஆய்வகத்தில் அதே ஆட்களிடம் அதற்கு முன் நாற்பது முறையாவது சொல்லியிருப்பேன். நாற்பத்தோராவது முறைதான் கையில் படிகத்தை அள்ளும் நைலான் வளையமும், வளையத்தின் நுனியில் இரண்டு வருட உழைப்பும் இருந்தன.

சேற்றில் வாழும் ஒரு பாக்டீரியாவின் நொதி அது. ஒரு நொதியின் உருவத்தைப் பார்க்க வேண்டுமானால் முதலில் அதைப் படிகமாக வளர்க்க வேண்டும். பிறகு எக்ஸ் கதிரில் காட்ட வேண்டும். ஆயிரக்கணக்கான சொட்டுகளில் முயன்று, ஒரே ஒரு சொட்டில், ஒரே ஒரு படிகம் வளர்ந்திருந்தது. அரைக் கடுகு பருமன், மாதுளை முத்தின் சிவப்பு. அந்தச் சிவப்பு நொதியின் சொந்த நிறமில்லை. உள்ளே உட்கார்ந்திருக்கும் பி-12 வைட்டமினின் நிறம். வைட்டமின் இல்லாவிட்டால் இந்த நொதி வெறும் சதைப்பிண்டம். அது உள்ளே வந்து உட்கார்ந்தால், தோல் தொழிற்சாலைகள் மண்ணுக்குள் விடுகிற விஷக் கரைப்பானிலிருந்து குளோரினைப் பிய்த்தெறிந்து சாதுவாக்கிவிடும்.

பெரிய துண்டு சொட்டின் விளிம்புக்கு நழுவி எங்கோ போயிற்று. சின்னத் துண்டைத் திரவ நைட்ரஜனில் போட்டுக் காப்பாற்றினோம். அதை நூற்றெண்பது பாகை திருப்பித் திருப்பிப் படமெடுக்க வேண்டும். எழுபதாவது பாகையிலேயே அது உயிரை விட்டது.

அந்த வார இறுதியில் நானும் என் மாணவன் புகழேந்தியும் கணினித் திரையின் முன் உட்கார்ந்திருந்தோம். எலெக்ட்ரான்கள் இருக்கும் இடமெல்லாம் திரையில் நீல வலைபோல ஒரு மேகம் தெரியும். மேகத்துக்குள் அணுக்களைப் பொருத்துவது எங்கள் வேலை. பி-12 மூலக்கூறுக்குத் தலைபோல ஒரு பகுதியும் வால்போல ஒரு பகுதியும் உண்டு; தலை அழகாகத் தெரிந்தது. அதன் வால் இருக்க வேண்டிய குழியில் மட்டும், கண்ணாடியில் மூச்சுவிட்டால் படிகிற அளவுக்கு ஒரு மங்கல். தண்ணீராக இருக்கலாம், உப்பாக இருக்கலாம், என் ஆசையாகவும் இருக்கலாம்.

இன்னொரு படிகம் வளரும்வரை பொறுத்திருக்கலாம். ஆனால் திங்கட்கிழமை மதிப்பீட்டுக் குழு வருகிறது. நான் வாலை எடுத்து அந்த மங்கலுக்குள் வைத்தேன்.

“எப்படிடா இருக்கு?”

புகழேந்தி திரையையே பார்த்தான். “பார்க்கலாம் சார்,” என்றான்.

எங்கள் ஆய்வகத்தில் ‘பார்க்கலாம் சார்’ என்றால் இல்லை என்று அர்த்தம். அந்த அகராதியை எழுதியவனே நான்தான். இருந்தும் அன்றைக்கு மட்டும் அது எனக்கு ஆமாம் என்று கேட்டது.

பொய் சொன்னேன் என்று ஒரேயடியாகச் சொல்லிவிடவும் முடியாது. அந்த இடத்தில் வால் சரியாகப் பொருந்தவில்லை என்பதைக் காட்டும் எண்ணைக் கட்டுரையின் பிற்சேர்க்கையில் கொடுத்திருந்தேன். அறுபத்தோராம் பக்கம், ஒன்பதாவது அட்டவணை, கடைசி வரி. யாரும் அவ்வளவு தூரம் படிக்கமாட்டார்கள் என்று தெரிந்துதான் அங்கே வைத்தேன். பஸ்ஸில் கர்ச்சீப் போட்டு இடம்பிடிப்பதுபோல, மனசாட்சிக்கு அங்கே ஒரு சீட் பிடித்துவைத்தேன். யாரும் வந்து உட்காரவில்லை.

படம் பத்திரிகையின் அட்டையில் வந்தது. பதினொரு பொன்னாடைகள் வந்தன. என் மனைவி அதில் இரண்டைத் தலையணை உறையாக்கினாள். கன்னத்தில் ஜரிகை குத்தும். சரியான தண்டனை என்று நினைத்துக்கொள்வேன். ஆனாலும் தூக்கம் வந்துவிடும்.

பதினான்கு வருடம் கழித்து, நான் ஓய்வுபெற்றுச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு காலையில், புகழேந்தி தொலைபேசியில் கூப்பிட்டான். இப்போது அவர் டாக்டர் புகழேந்தி, தெளிநீர்த் திட்டத்தின் தலைவர். எனக்கு மட்டும் இன்னும் ‘ன்’.

“சார், ஒரு சின்ன கையெழுத்து வேணும்.”

“எதுக்குடா? பாஸ்போர்ட்டா?”

அவன் சிரிக்கவில்லை. “காரைப்பட்டுல பாக்டீரியா இன்னும் சாகல சார்.”

தெளிநீர்த் திட்டம் நான் வைத்த வாலின் மேல் கட்டிய வீடு. பாலாற்றங்கரைத் தோல் நகரமான காரைப்பட்டின் நிலத்தடி நீரில் கரைப்பான் விஷம் ஊறிக்கிடந்தது. எங்கள் நொதியைச் சுமக்கும் பாக்டீரியாவைக் கிணறுகளில் விட்டால் விஷத்தைத் தின்றுவிடும். தின்றுமுடித்தபின் அதை எப்படிக் கொல்வது? அதற்குத்தான் என் வால். நான் வரைந்த குழிக்கு அளவெடுத்து, இயற்கையில் எங்கும் இல்லாத வால் ஒன்றை ஒட்டிய செயற்கை வைட்டமினைச் செய்தார்கள். பாக்டீரியாவிலுள்ள நொதியின் குழியையும் அந்த வாலுக்குத் தக்கபடி மாற்றினார்கள். வேறு எந்த பி-12ம் அதற்கு உதவாது என்று முடிவாயிற்று. கிணற்றில் வாராவாரம் அந்தச் சிவப்புத் திரவத்தை ஊற்றும்வரை அது வாழும். நிறுத்தினால் ஆறே வாரத்தில் சாகும்.

நிறுத்தி நான்கு மாதம் ஆகிவிட்டது.

“யாரோ திருட்டுத்தனமா ஊத்திட்டிருக்காங்க சார். கிணறுகளுக்கு ஊத்துற வேலையில இருந்தது எஸ்தர்னு ஒரு அம்மா. திருப்பிக் குடுக்க வேண்டிய காலி பாட்டிலும் கணக்குல குறையுது. வேலையை விட்டு எடுத்தாச்சு. போலீஸ்ல குடுக்கணும். அதுக்கு முன்னாடி, கட்டமைப்பு சரிதான், வெளியில இருந்து ஊத்தாம அது பிழைக்கவே முடியாதுன்னு நீங்க எழுதிக் குடுத்தா போதும். அடுத்த மாசம் பதினோரு ஊர்ல விடப்போறோம். அனுமதி குடுக்கற கமிட்டி உங்க கையெழுத்துக்குத்தான் காத்திருக்கு.”

“புகழ், அந்த வால்…”

“சார், சிக்னல் சரியில்ல.”

சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

வீட்டிலிருந்தே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கலாம். ஆனால் அன்று மதியம் அறுபத்தோராம் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். கடைசி வரி அங்கேயேதான் இருந்தது. மறுநாள் காலை பஸ் ஏறினேன்.

காரைப்பட்டு பேருந்து நிலையத்திலிருந்து திட்ட அலுவலகத்துக்கு நடக்கிற தூரம்தான். வழியில் நான்கு ஒற்றைச் செருப்புகளைப் பார்த்தேன். ஒன்று சாக்கடையோரம், ஒன்று வேகத்தடைமேல், இரண்டு மருந்துக்கடை வாசலில். முன்னால் போன ஒரு பெரியவரின் இடது கால் செருப்பு கழன்றது. அவர் கவனிக்காமல் வெறுங்காலோடு போய்க்கொண்டே இருந்தார். “ஐயா, செருப்பு!” என்று கத்தினேன். திரும்பிப் பார்த்து, கூச்சத்தோடு வந்து மாட்டிக்கொண்டார்.

“தெரியலப்பா. காலு மரத்துக் கெடக்குது. மறதி வேற, நாக்கு எரிச்சல் வேற. ஊருல பாதிப் பேருக்கு இப்படித்தான்.”

நாடு முழுவதற்கும் செருப்புத் தைக்கும் ஊர் அது.

அலுவலகத்தில் புகழேந்தி டீ வரவழைத்தான். தலை நரைத்துவிட்டது. எனக்கு முன்னால் இன்னும் நாற்காலி நுனியில்தான் உட்காருகிறான்.

“கால் மரத்துப்போறது, மறதி, நாக்கு எரிச்சல். பி-12 இல்லாதவனுக்கு வர்றதெல்லாம் இந்த ஊருக்கு வந்திருக்கே புகழ்?”

“ஜனங்க சரியா சாப்பிடறதில்ல சார்.”

“காரைப்பட்டுலயா? காலங்காத்தால பிரியாணிக்கு க்யூ நிக்கிற ஊருடா. இவனுங்களுக்கே பி-12 இல்லன்னா தயிர்சாதம் சாப்பிடற நான் எப்பவோ போய்ச் சேர்ந்திருக்கணும்.”

“டீ ஆறுது சார்.”

சுவரில் ஊர் வரைபடம் மாட்டியிருந்தது. ஒன்பது கிணறுகள், ஒவ்வொன்றிலும் பாக்டீரியா எவ்வளவு என்று காட்டும் சிவப்பு வட்டம். எல்லாவற்றையும்விடப் பெரிய வட்டம் மேட்டில் இருந்தது.

“இது?”

“மேலத்தெருக் கிணறு. பாறைக் கிணறு சார். ஆரம்பத்துல பாக்டீரியாவை எல்லாக் கிணத்துலயும் நாங்களே விட்டோம். மத்த கிணத்துத் தண்ணி எதுவும் அங்க ஏறாது. அந்தம்மா அங்கதான் அதிகமா ஊத்தியிருக்கணும்.”

“புகழ், நேராவே கேக்கறேன். அன்னைக்குத் திரையில நீயும் பார்த்தே. அந்த வால் அங்க இருந்ததா, இல்லையா?”

அவன் மேசையிலிருந்த காகிதத்தை என் பக்கம் நகர்த்தினான். அறிக்கை தட்டச்சாகி, என் பெயருக்கு மேலே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

“பார்க்கலாம் சார். மொதல்ல இதைப் பாருங்க.”

கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. சந்தேகத்தை வாய்விட்டுச் சொல்ல நான் அவனுக்குக் கற்றுத்தரவே இல்லை. அவன் சந்தேகப்பட்டபோதெல்லாம் நான்தான் ஜோக் அடித்தேன். எல்லோரும் சிரிப்பார்கள், அவனும் சிரிப்பான், விஷயம் முடிந்துவிடும்.

காகிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். “அந்தம்மாவைப் பார்த்துட்டு வந்து போடறேன்.”

உண்மையைச் சொல்கிறேன். நியாயம் கேட்க நான் அங்கே போகவில்லை. எஸ்தர் ‘ஆமா சார், ஊத்தினேன்’ என்று சொல்ல வேண்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன். அவர் குற்றவாளியானால் என் வால் பிழைக்கும். அறுபத்தெட்டு வயதில் ஒரு மனிதன் இப்படி ஒரு வேண்டுதலோடு தெருவில் நடக்கலாமா என்றால், நடந்தேன். போகிற வழியில் மேலத்தெருக் கிணற்றையும் எட்டிப் பார்த்தேன். கம்பி வேலி, இரும்புக் கதவு. வேலியை ஒட்டி ஒரு மாட்டுக் கொட்டகை; சாணம் கரைந்த தண்ணீர் கிணற்றுப் பக்கம் வழிந்துகொண்டிருந்தது.

எஸ்தரின் வீடு ஊர்க்கோடியில், காலனியில், ஒற்றை அறை. அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, ஷூவின் மேல்பாகத் தோலைக் கையால் தைத்துக்கொண்டிருந்தார். கம்பெனியிலிருந்து மூட்டையாக வரும் வேலை. சுற்றிலும் ஒரு கால் மட்டும் தைத்துமுடித்த ஷூக்கள்.

“இன்னா சார்? ஆபீஸா, போலீசா?”

“ரெண்டும் இல்லம்மா. வாத்தியார். ரிடையர் ஆயிட்டேன்.”

“வாத்தியாருக்கு இங்க இன்னா வேல?”

“பரீட்சை வைக்க வந்தேன்,” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. என் ஜோக்குகள் இப்படித் தரையில் விழுந்து கிடப்பதை நான் பார்த்ததே இல்லை. சம்பளம் கொடுக்கிற இடத்தில் எல்லோரும் தாங்கிப் பிடித்துவிடுவார்கள்.

“செவப்பு மருந்தை வெள்ளிக்கிழமை தவறாம ஊத்தினீங்களா?”

“ரெஜிஸ்டர்ல இருக்குது.”

“நிறுத்தச் சொன்ன பிறகு?”

“ரெஜிஸ்டர்ல இருக்குது சார்.”

“மேலத்தெருக் கிணத்துல?”

ஊசி ஒரு கணம் நின்றது. “எல்லாம் ரெஜிஸ்டர்ல இருக்குது. டிக்கு போட்டு கையெழுத்து வெச்சிருக்கேன். பாத்துக்கோங்க.”

அப்போதுதான் அதைக் கவனித்தேன். வெள்ளைத் தோலில் ஒரு சிவப்புப் பொட்டு. ஊசி அவர் விரலில் இறங்கியிருந்தது. அவர் பாட்டுக்கு அடுத்த தையல் போட்டுக்கொண்டிருந்தார்.

“அம்மா, விரல்ல ரத்தம்.”

குனிந்து பார்த்தார். புடவைத் தலைப்பால் விரலைச் சுற்றினார். “தெரிய மாட்டேங்குது சார். கறையான ஜோடிய கம்பெனில வாங்க மாட்டாங்க. இந்த வாரத்துல இது மூணாவது.” அந்த ஷூவைத் தனியாக ஒதுக்கிவைத்தார். “அந்த வேலயும் போச்சி. கையும் இப்பிடி ஆனா இந்த வேலயும் போயிரும். அதுக்குள்ள திங்கக்கெழம போலீசு வரும்ங்கிறாங்க. வரட்டும்.”

சொல்வதற்கு என்னிடம் மூன்று ஜோக்குகள் தயாராக இருந்தன. மூன்றும் நல்ல ஜோக்குகள். ஒன்றையும் சொல்லவில்லை. அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். முட்டி இரண்டும் சத்தம் போட்டன.

“நான் ஒண்ணு சொல்லணும்மா. அந்தக் கிருமியோட உள்பக்கத்தைப் படம் எடுத்தது நான்தான்.”

“கண்ணுக்கே தெரியாதுன்னாங்க. அத எப்பிடி படம் எடுத்தீங்க?”

“அரைகுறையா எடுத்தேன். எப்படிச் சொல்றது… மண்ணுல ஒரு காலடித் தடம். குதிகால் நல்லாத் தெரியுது. விரல் இருக்க வேண்டிய இடம் கலைஞ்சு கெடக்கு. விரல் எப்படி இருந்ததுன்னு எனக்குத் தெரியாது. ஆனா முழுத் தடமும் பார்த்தேன்னு சொல்லணும்னு ஆசை. அதனால அஞ்சு விரலையும் நானே வரைஞ்சுட்டேன்.”

எஸ்தர் என்னை முதல்முறையாக நேராகப் பார்த்தார்.

“அந்த வெரலுக்கு அளவெடுத்து செருப்பு தெச்சிட்டாங்க,” என்றார்.

பதினான்கு வருடத்தில் எந்தக் கருத்தரங்கிலும் என் ஆராய்ச்சியை இவ்வளவு சரியாக யாரும் சுருக்கிச் சொன்னதில்லை.

“ஆமா. இந்தச் செருப்பு மட்டும்தான் அந்தக் காலுக்குச் சேரும், இதைக் கழட்டிட்டா கிருமி நடக்காதுன்னு எல்லாரும் நம்பினாங்க. அந்தக் குழி உண்மையில காலியா இருந்தா, அதுக்கு எந்தச் செருப்பும் சேரும். பால்ல, முட்டையில, கறியில இருக்கற சாதாரண வைட்டமின் போதும். சாணத்துல இருக்கறதுகூடப் போதும். குடிக்கிற தண்ணியோட வயித்துக்குள்ள போய், நீங்க சாப்பிடறதுல அதுவும் பங்கு எடுத்துக்கும்.”

“அதான் காலு மரத்துப் போவுதா?”

“அப்படித்தான் நெனைக்கறேன்.”

“நெனைக்கிறீங்களா, தெரியுமா?”

“அதைத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன். இன்னொண்ணும் இருக்கு. நீங்கதான் ஊத்தினீங்கன்னு சொல்லிட்டா நான் தப்பிச்சுக்கலாம்னு நெனச்சும் வந்தேன்.”

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். வெளியே கிணற்றுத் தண்ணீர் ஏற்றிவந்த லாரியின் சங்கு கேட்டது. குடங்களின் சத்தம் தெருவோடு ஓடியது.

“நம்ம ஊருக்கு அப்புறம் இத வேற எங்கியாச்சும் உடுவாங்களா?”

“பதினோரு ஊர்ல. அடுத்த மாசம்.”

“நீங்க எழுதிக் குடுத்தா நிறுத்துவாங்களா?”

‘பார்க்கலாம்’ என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கினேன். “நிறுத்தித்தான் ஆகணும். என் கையெழுத்து இல்லாம நகராது.”

புகழேந்தி கொடுத்த அறிக்கையை எடுத்துத் திருப்பிப் போட்டேன். வேறு காகிதம் இல்லை. மேசைக்குப் பதிலாக ஒரு ஷூ அட்டைப் பெட்டியை எஸ்தர் நகர்த்திக் கொடுத்தார். அதன்மேல் வைத்து எழுதினேன். வால் இருப்பதற்கு ஆதாரம் இல்லாத இடத்தில் நான் வாலை வைத்தேன். அறுபத்தோராம் பக்கத்தின் கடைசி வரியைப் பார்க்கவும். இந்தப் பாக்டீரியா சாதாரண வைட்டமினிலேயே வாழக்கூடும். எந்த ஊரிலும் விடக்கூடாது. காரைப்பட்டு மக்களுக்கு உடனே பி-12 ஊசி போட வேண்டும். கஜேந்திரன். தேதி.

வாழ்க்கையில் பிற்சேர்க்கை இல்லாமல் நான் எழுதிய ஒரே கட்டுரை அது.

கைப்பேசியில் படமெடுத்துக் கமிட்டிக்கும் புகழேந்திக்கும் அனுப்பினேன். ‘அனுப்பப்பட்டது’ என்று வந்தது. பதினொரு பொன்னாடையும் ஒரே நேரத்தில் தோளிலிருந்து இறங்கியது போல இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அப்படியெல்லாம் இல்லை. காது மடல் மட்டும் சூடாக இருந்தது.

“அனுப்பிட்டீங்களா?” என்றார் எஸ்தர்.

“அனுப்பிட்டேன்.”

“நான் ஊத்துனனா இல்லியான்னு தெரியாமலே?”

“ஆமா.”

அவர் தையலைக் கீழே வைத்தார். கட்டிலுக்கு அடியில் கையைவிட்டு ஒரு மரப்பெட்டியை இழுத்தார். மரத்த விரல்களுக்குப் பிடி கிடைக்காமல் இரண்டு முறை நழுவியது. நானும் ஒரு பக்கம் பிடித்தேன். உள்ளே வரிசையாகச் சிவப்புப் பாட்டில்கள். மாதுளை முத்தின் சிவப்பு. ஒவ்வொன்றின் கழுத்திலும் ‘மேலத்தெரு’ என்று சீட்டு. ஒன்றின் மூடியும் திறக்கப்படவில்லை.

“வருசம் பூரா. அம்பத்திரெண்டு இருக்குது, எண்ணிக்கோங்க,” என்றார். குரல் தாழ்ந்தது. “மொத வெள்ளிக்கெழமயே கேட்டாண்ட நிறுத்திட்டாங்க. நீ உள்ள வராத, எங்க கெணத்துல உன் கை படக்கூடாதுன்னாங்க. சூப்பர்வைசர்கிட்ட சொன்னேன். பிரச்சன பண்ணாத, டிக்கு போட்டுட்டுப் போன்னாரு. போட்டேன். வாராவாரம் போட்டேன். அத வெளிய சொல்றத விடத் திருடின்னு பேரு வாங்கிக்கிலாம்னு இருந்துச்சி சார்.”

பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரிலிருந்த வரைபடத்தின் பெரிய வட்டம் நினைவுக்கு வந்தது. மேட்டுப் பாறை. வேறெந்தத் தண்ணீரும் ஏறாத கிணறு. வேலியோரம் வழிந்த சாணம். உலகத்தில் எந்த ஆய்வகமும் இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க முடியாத பரிசோதனையை ஓர் இரும்புக் கதவு செய்து முடித்திருந்தது.

“அப்போ அந்தக் கிணத்துல, அந்த ஒரு வருஷத்துல, ஒரு சொட்டுகூட…?”

எஸ்தர் ரெஜிஸ்டர் என்று சொல்லவில்லை.

“ஊத்தல சார்,” என்றார். “ஒரு நாளும் ஊத்தல.”